தரகின் அறம்

தரகர் என்றதும் முகம் சுளிப்பவர்களே நம்மில் மிகுதி. வீடு வாங்கியவர் தரகரைக் குறை கூறுவார். விற்றவரும் அவரையே குறை கூறுவார். மாப்பிள்ளை தேடியவர், மாட்டுச் சந்தைக்குச் சென்றவர், விளைச்சலை விற்க வந்தவர் எல்லாரும் ஒரே குரலில் சொல்வது, 'நடுவில் நின்றவன் தின்றுவிட்டான்' என்பதே. ஆயினும் நடுவில் நிற்பவர் இல்லாமல் எந்தச் சந்தையும் நெடுநாள் நடந்ததில்லை. விற்பவனுக்கு வாங்குபவன் இருக்குமிடம் தெரியாது. வாங்குபவனுக்குப் பொருளின் தரம் தெரியாது. இருவரையும் அறிந்த ஒருவர் இடையே நின்று சேர்த்து வைக்கிறார். அந்த உழைப்புக்குக் கூலி பெறுவதில் இழுக்கு ஏதுமில்லை. இழுக்கு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதே ஆராயத் தக்கது.

இந்த ஆராய்ச்சி இன்று அவசரமாகிவிட்டது. முன்னாளில் ஒரு கடைவீதிக்குப் பத்துத் தரகர்கள் இருந்தனர். அவர்கள் முகமும் வீடும் ஊரார் அறிந்தவை. இந்நாளிலோ கைப்பேசி வைத்திருக்கும் எவரும் தரகராகலாம். அவர் முகத்தை நாம் அறியோம். சில வேளைகளில் அவர் தரகர் என்பதையே அறியோம்.

என் அத்தா திருச்சி காந்தி சந்தையில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்கெழுதி வந்தார்கள். விடியுமுன்பே வெங்காய மூட்டைகளும் காய்கறிக் கூடைகளும் வந்து இறங்கும். ஏலம் முடிந்ததும் விவசாயியின் கையில் ஒரு சீட்டு கொடுக்கப்படும். விற்ற தொகை, லாரி வாடகை, இறக்குகூலி, கமிஷன், கையில் சேரும் தொகை என்று ஒன்றன்கீழ் ஒன்றாக அதில் எழுதியிருக்கும். நூற்றுக்கு 10 என்னும் கமிஷன் அதிகம் என்று விவசாயி சண்டை பிடிப்பார். சண்டை பிடிக்க அவருக்கு இடமிருந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஏனெனில் அந்தத் தொகை அவர் கண்ணில் படும்படி எழுதப்பட்டிருந்தது. கூலி கூடுதலா, குறைவா என்பது பேசித் தீர்க்க வேண்டிய வழக்கு. கூலி இருப்பதையே மறைப்பது வேறு வகையைச் சேர்ந்தது.

மணப்பாறை மாட்டுச் சந்தை நம் மாவட்டத்துக்குப் பெயர் வாங்கித் தந்த ஒன்று. அங்கே தரகர் ஒருவர் கையின்மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதை வெளியூரார் வியப்போடு பார்ப்பர். எத்தனை விரல், எந்தக் கணு என்பதைக் கொண்டு ஆயிரங்களும் நூறுகளும் முடிவாகும். சுற்றி நிற்பவர்க்கு ஒன்றும் விளங்காது. இதைக் கண்டு, 'எல்லாம் மறைவு வேலை' என்று சொல்பவர் உண்டு. ஆனால் துண்டுக்குள் மறைந்திருப்பது விலை மட்டுமே. தரகர் மறைந்திருக்கவில்லை. அவர் இன்னார், இந்த மாடு கைமாறினால் அவருக்குத் தரகு உண்டு என்பதைச் சந்தையே அறியும். அவர் மாட்டைப் புகழும்போது, அந்தப் புகழ்ச்சியில் எவ்வளவைத் தள்ளிக் கொள்வது என்று வாங்குபவர் தம் மனத்திலேயே கணக்கிட்டுக்கொள்வார். தரகின் அறம் முழுவதும் இந்த ஒரு வசதியில் அடங்கியிருக்கிறது எனலாம்.

அரபு நாட்டுச் சந்தைகளிலும் இக்கூட்டத்தார் இருந்தனர். அவர்களுக்கு 'ஸமாஸிரா' என்று பெயர்; தரகர்கள் என்பது பொருள். பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவில் அவர்களிடம் வந்து, அதனினும் அழகிய பெயராக 'வணிகர்களே' என்று அழைத்தார்கள் என்றும், வாணிபத்தில் வீண் பேச்சும் சத்தியமும் கலந்துவிடுவதால் அதனோடு தருமத்தைக் கலந்து கொள்ளும்படி அறிவுறுத்தினார்கள் என்றும் நபித்தோழர் கைஸ் (ரலி) அவர்கள் வாயிலாக ஒரு செய்தி அபூதாவூத் தொகுப்பில் காணப்படுகிறது. தொழிலை இழிக்காமல் பெயரை உயர்த்தி, அத்தொழிலுக்கே உரிய நோய் நாவில் இருக்கிறது என்பதையும் கூடவே சுட்டிய நயம் எண்ணி எண்ணி மகிழத் தக்கது.

இனி, இன்றைய தரகருக்கு வருவோம். என் தமக்கை மகன் பொறியியல் படித்தவன். வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில் மிக்சி, குக்கர், மாவரைக்கும் இயந்திரம் போன்ற சமையலறைப் பொருள்களைப் பற்றி யூடியூபில் பேசத் தொடங்கினான். காட்சியின் கீழே ஒரு முகவரியைக் கொடுப்பான். பார்ப்பவர் அதைத் தொட்டால் விற்பனைத் தளம் திறக்கும். அவர் வாங்கினால் இவனுக்கு நூற்றுக்கு இத்தனை என்று கமிஷன் வந்து சேரும். ஒருநாள் பாலக்கரையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, "மாமு, இது ஹலாலான வருமானந்தானா?" என்று கேட்டான். மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்லன். ஆயினும் மண்டிக் கணக்குப் பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில், அந்தத் தொழில் நடக்கும் விதத்தை அவனிடமே கேட்டும் பிறகு படித்தும் அறிந்துகொண்டேன்.

'அஃபிலியேட் மார்க்கெட்டிங்' என்று இதற்குப் பெயர். அமேசான் நிறுவனம் 1996 ஆம் ஆண்டு, புத்தகங்களை மட்டும் விற்றுக்கொண்டிருந்த காலத்தில் இதைத் தொடங்கிப் பெருமளவில் பரப்பியது. ஒவ்வொரு தரகருக்கும் ஓர் அடையாளக் குறி தரப்படும். அவர் கொடுத்த வழியாக ஒருவர் கடைக்குள் நுழைந்தால், அந்தக் குறி வந்தவருடைய கணினியிலோ கைப்பேசியிலோ சிறு சீட்டுப்போல் ஒட்டிக்கொள்ளும். 'குக்கி' என்பார்கள். அமேசானில் பொதுவாக 24 மணி நேரம் அந்தச் சீட்டுக்கு உயிருண்டு. அதற்குள் அவர் வாங்கும் பொருளுக்குத் தரகு கணக்கிடப்படும். காந்தி சந்தைச் சீட்டுக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. மனிதக் கண் பார்த்த இடத்தில் இயந்திரம் பார்க்கிறது, அவ்வளவே.

இயந்திரம் பார்க்கும் இடத்தில் திருட்டும் புதிதாகப் புகுந்தது. திருச்சி பெரியகடைவீதியில் ஒரு நகைக்கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆள் கூட்டி வருபவருக்குக் கடைக்காரர் தரகு தருகிறார். ஒருவன் யாரையும் கூட்டி வராமல் வாசலில் நின்றுகொண்டு, தாமாகவே உள்ளே போகிறவர்களின் முதுகில் அவர்கள் அறியாமல் தன் பெயர்ச் சீட்டை ஒட்டி அனுப்புகிறான். கல்லாவில் இருப்பவர் சீட்டைப் பார்த்து அவன் கணக்கில் பணம் எழுதுகிறார். அமெரிக்காவில் ஷான் ஹோகன் என்பவர்மீது சாட்டப்பட்ட குற்றம் ஏறத்தாழ இதுதான். அவர் ஈபே நிறுவனத்தின் தரகர்களிலேயே முதன்மையானவராக விளங்கி, சுமார் 2 கோடியே 80 இலட்சம் டாலர் தரகாகப் பெற்றவர். விளம்பரத்தைத் தொடாதவர்களின் கணினிகளிலும் தம் குறியை ஒட்டிவைத்தார் என்று வழக்குத் தொடரப்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 2014 இல் 5 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது.

இதன் தம்பிமார் பலர். பிறர் ஒட்டிய சீட்டைக் கடைசி நொடியில் கிழித்துவிட்டுத் தன் சீட்டை ஒட்டுவது ஒன்று. சென்னையிலோ வேறெங்கோ ஓர் அறையில் நூறு கைப்பேசிகளை அடுக்கி, வராத வாடிக்கையாளரை வந்ததாகக் காட்டுவது மற்றொன்று. தானே வாங்கித் தரகைப் பெற்றபின் பொருளைத் திருப்பி அனுப்புவது வேறொன்று. இவற்றில் இழப்பவர் கடைக்காரர் மட்டுமன்று. உண்மையாக உழைத்த தரகரின் கூலியும் திருடப்படுகிறது; அந்த இழப்பெல்லாம் இறுதியில் பொருளின் விலையில் ஏறி வாங்குபவர் தலையிலேயே விடிகிறது.

நெடுநாள் தொழில் நடத்தும் நிறுவனங்கள் இதற்குச் செய்யும் காவல்கள் எளியவை. பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பின்பே தரகைக் கொடுப்பது. ஆயிரம் பேர் நுழைந்து ஒருவரும் வாங்காத வழியையும், நுழைந்த கணமே எல்லாரும் வாங்கிவிடும் வழியையும் ஐயத்தோடு நோக்குவது. தரகரை இன்னார் என்று விசாரித்த பிறகே குறி வழங்குவது ஆகியன அவை. சரக்கு சேர்ந்து பணம் கைக்கு வந்த பிறகே தரகைப் பிரிக்க வேண்டும் என்று மண்டிக்காரர் எந்தக் கல்லூரியிலும் படிக்காமல் அறிந்திருந்தார்.

கடைக்காரரை ஏமாற்றுவது இப்படி. வாங்குபவரை ஏமாற்றும் வழி இதனினும் பழையது. வாங்கும் எண்ணமே இல்லாமல் ஏலத்தில் புகுந்து விலையை ஏற்றிவிட்டு, உண்மையாக வாங்க வந்தவரை ஏமாற்றும் செயலுக்கு 'நஜ்ஷ்' என்று பெயர். பெருமானார் (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். பயன்படுத்தாத பொருளுக்கு ஐந்து நட்சத்திரம் போடுவதும், கூலி வாங்கிக்கொண்டு 'நானே வாங்கி மகிழ்ந்தேன்' என்று எழுதுவதும் நஜ்ஷின் பேரப்பிள்ளைகள் என்றே எனக்குத் தோன்றுகிறது. சந்தையில் நின்ற பொய்க் குரல் இன்று திரையில் ஒலிக்கிறது.

நம் நாட்டுச் சட்டமும் இதை உணர்ந்திருக்கிறது. 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2022 ஜூன் மாதத்தில் விளம்பர நெறிகளை வெளியிட்டது. புகழ்பவருக்கும் பொருளை விற்பவருக்கும் இடையே பணத் தொடர்போ வேறு உறவோ இருந்தால், பார்ப்பவர் அறியும்படி அதைச் சொல்லியாக வேண்டும் என்பது அதன் சாரம். சமூக ஊடகங்களில் பேசுவோர்க்கென 2023 ஜனவரியில் தனி வழிகாட்டுதலும் வந்தது. தவறான விளம்பரத்துக்கு முதன்முறை 10 இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் வரையும் தண்டம் விதிக்க அந்த ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. மணப்பாறைச் சந்தையில் ஊரறிய இருந்த ஒன்றைத் தண்டம் விதித்துக் காப்பாற்ற வேண்டிய நிலை வந்திருக்கிறது.

இதுவரை சொன்னவற்றில் ஒரு பொருளாவது இருந்தது. மிக்சியோ குக்கரோ, ஏதோ ஒன்று வீடு வந்து சேர்ந்தது. பொருளே இல்லாமல் ஆளைச் சேர்ப்பதற்கு மட்டும் தரகு கொடுக்கும் வேறொரு வகை உண்டு. நம் ஊரைச் சுட்டது அதுதான்.

திருச்சி மன்னார்புரத்தில் இயங்கிய எல்ஃபின் நிறுவனம், கொடுத்த பணத்தை இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொல்லிப் பல மாவட்ட மக்களிடம் பணம் திரட்டியதாகப் புகார்கள் எழுந்து, பொருளாதாரக் குற்றப்பிரிவின் விசாரணைக்கு உள்ளானது. திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரணவ் ஜுவல்லர்ஸ் நிறுவனத்தின் கடைகள் 2023 இல் மூடப்பட்டன. தங்க முதலீட்டின் பெயரால் மக்களிடம் 100 கோடி ரூபாய் திரட்டி ஏமாற்றியதாகக் கூறி, அவ்வாண்டு நவம்பரில் அமலாக்கத் துறை சோதனை நடத்தியது. அதன் விளம்பரத்தில் தோன்றிய திரைப்பட நடிகர் ஒருவருக்கும் அழைப்பாணை சென்றது. அழைப்பாணை குற்றத் தீர்ப்பாகாது. ஆனாலும் புகழ்ந்தவரையும் விசாரிப்பார்கள் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. சென்னை ஆருத்ரா வழக்கில், மாதந்தோறும் நூற்றுக்கு 25 முதல் 30 வரை வட்டி தருவதாகச் சொல்லி, ஏறத்தாழ ஒரு இலட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் பெற்றதாகக் குற்றச்சாட்டு. கோவையில் விளம்பரம் பார்த்தால் பணம் என்று உறுப்பினர் சேர்த்த மை வி3 ஆட்ஸ் நிறுவனத்தின்மீது வழக்குப் பதிவானபோது, 2024 ஜனவரியில் நீலம்பூரில் ஆயிரக்கணக்கானோர் அந்நிறுவனத்துக்கு ஆதரவாகவே திரண்டனர். தம்மைக் காக்க வந்த சட்டத்தையே பகையாக எண்ணும் அளவுக்கு நம்பிக்கை வேரோடியிருந்தது.

ஆள் சேர்க்கும் திட்டம் ஏன் இடிந்தே தீரும் என்பதற்குப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். ஒருவர் ஐவரைச் சேர்க்க வேண்டும். அந்த ஐவர் ஒவ்வொருவரும் ஐவரைச் சேர்க்க வேண்டும் என்று கொள்க. முதற்படியில் ஒருவர், இரண்டாம் படியில் 5, மூன்றாம் படியில் 25. ஒன்பதாம் படியில் 3,90,625 பேர் நிற்பார்கள். பத்தாம் படிக்கு 19,53,125 பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி திருச்சி மாநகரில் குழந்தைகள் உள்பட வாழ்ந்தவர்களே சுமார் எட்டரை இலட்சம். எந்தப் படியில் நின்றாலும் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர் கடைசிப் படியில் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே யாருமில்லை. அவர்கள் பணமே மேலுள்ளவர்களின் 'வருமானம்'. இதில் கெட்டிக்காரத்தனமோ, அதிர்ஷ்டமோ, உழைப்போ மாற்றக் கூடியது ஒன்றுமில்லை.

கணக்கு இவ்வளவு வெளிப்படையாக இருந்தும் மக்கள் விழுவது ஏன்? எங்கள் தெருவில் கணவரை இழந்த ஓர் அம்மையார் இருக்கிறார். மகளின் நிக்காஹுக்கென்று சேர்த்த பணத்தையும் இரண்டு வளையலை விற்ற பணத்தையும் இத்தகைய ஒரு திட்டத்தில் போட்டார். முதல் மூன்று மாதம் சொன்னபடி பணம் வந்தது. நான்காம் மாதம் அலுவலகக் கதவில் பூட்டுத் தொங்கியது. அவர் எந்த விளம்பரத்தையும் நம்பவில்லை. அவருடைய கொழுந்தனார் சொன்னார், அவர் நம்பினார். அந்தக் கொழுந்தனாருக்கு ஆள் சேர்த்த வகையில் கமிஷன் உண்டு என்பது பூட்டுத் தொங்கிய பிறகே தெரியவந்தது. பணம் போனதற்காக அவர் ஒருமுறை அழுததைக் கண்டேன். "எனக்கு நல்லது செய்யத்தான் வந்தாகன்னு நினைச்சேன்" என்று சொன்னபோது அவர் அழவில்லை; குரல் வறண்டிருந்தது. அந்த வறட்சி என்னை அதிகம் வருத்திற்று. மகளின் நிக்காஹ் ஓராண்டு தள்ளிப் போய், ஜமாஅத்தாரின் உதவியால் எளிய முறையில் நடந்தேறியது. இரு வீடுகளுக்கும் இடையே நின்ற பேச்சுவார்த்தை இன்றளவும் திரும்பவில்லை.

இத்திட்டங்களில் விற்பனைக்கு வைக்கப்படும் சரக்கு என்ன என்பது அன்று எனக்கு விளங்கிற்று. கொழுந்தனார் என்ற உறவும், பக்கத்து வீடு என்ற பழக்கமும், ஒன்றாகத் தொழுது திரும்பும் நேசமும் அங்கே விலைபோகின்றன. பல தலைமுறையாகச் சேர்ந்த நம்பிக்கையை ஒருவர் நூற்றுக்கு ஐந்துக்கோ பத்துக்கோ விற்றுவிடுகிறார். அந்த நம்பிக்கை அவருடைய சொத்தன்று. அது அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

காவிரிப் பாலத்தைக் கடந்தால் ஸ்ரீரங்கம். அங்கே உத்தர வீதியில் என் கல்லூரி நாளைய நண்பர் ஒருவர் வசிக்கிறார். வங்கிப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீதிகளில் ஓய்வூதியத்தோடு வாழும் முதியவர்கள் மிகுதி. அவர்களைத் தேடி வருபவர்களும் மிகுதி. தம் வீட்டுக்கும் ஒருவர் வந்தார் என்று நண்பர் சொன்னார். வந்தவர் அந்நியர் அல்லர், முன்னாள் சக ஊழியர். காப்பி கொடுத்து உபசரித்து, சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு நண்பர் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்: "நான் சேர்ந்தால் உமக்கு எவ்வளவு?" வந்தவர் சிரித்தார்; பிறகு, நட்புக்காகச் சொல்வதாகக் கூறினார். நண்பர் மீண்டும் அதையே கேட்டார். வந்தவர் காப்பியைக் குடித்து முடித்து, கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாராம். "வட்டி விகிதத்தைப் பற்றி வாதாடியிருந்தால் அவர் என்னை வென்றிருப்பார். அந்தக் கேள்விக்கு மட்டும் அவரிடம் பாடம் செய்த பதில் இல்லை" என்றார் நண்பர்.

இராஜகோபுரத்தின் முன்னே யாத்திரிகர்களை எதிர்கொண்டு, 'இந்தக் கடையில் வாங்குங்கள், அந்த விடுதியில் தங்குங்கள்' என்று வழிகாட்டுபவரிடமும் இதையே கேட்கலாம். நேர்மையானவர், 'ஆம், எனக்கும் ஏதோ கிடைக்கும்' என்று சொல்லிவிட்டுத் தொழிலைத் தொடர்வார். அப்படிச் சொன்னவரை நம்பி நடந்தவர் பெரிதும் கெட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. பரிசுச் சீட்டுகளையும் பணச் சுழற்சித் திட்டங்களையும் தடை செய்யும் மத்தியச் சட்டம் 1978 இலேயே வந்துவிட்டது. நிதி நிறுவனங்கள் அடுத்தடுத்துக் கவிழ்ந்த காலத்தில், 1997 இல், முதலீட்டாளர் நலன் காக்கத் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது; நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி, விற்று, இழந்தவர்க்குப் பங்கிட அது வழி செய்கிறது. ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்து 2019 இல் ஒரு மத்தியச் சட்டமும், நேரடி விற்பனையில் பிரமிடு திட்டங்களை விலக்கி 2021 டிசம்பரில் விதிகளும் வந்தன. ஆனால் சட்டம் பெரும்பாலும் பூட்டுத் தொங்கிய பின்பே வந்து சேருகிறது. பூட்டுக்கு முன்னே வரக்கூடியவை இரண்டு கேள்விகள்தாம். சொல்பவருக்கு இதில் எவ்வளவு? எனக்குத் தருவதாகச் சொல்லும் பணம் எந்தப் பொருளை விற்று வருகிறது? முதற்கேள்விக்கு மழுப்பலும், இரண்டாம் கேள்விக்கு 'அடுத்துச் சேர்பவர்' என்பதும் பதிலாக வந்தால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

என் தமக்கை மகனிடமும் இவ்வளவையும் சொன்னேன். அவன் நெடுநேரம் யோசித்தான். அடுத்து வெளியிட்ட காட்சியின் தொடக்கத்திலேயே, 'கீழேயுள்ள வழியாக வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும். உங்களுக்கு விலை கூடாது' என்று தன் வாயாலேயே சொன்னான். இரண்டு மாதம் நேரில் பயன்படுத்தாத பொருளைப் பற்றிப் பேசுவதில்லை என்று தனக்குத்தானே ஒரு விதியும் வகுத்துக்கொண்டான். ஒரு குக்கரின் கைப்பிடி ஆறு வாரத்தில் தளர்ந்துவிட்டதை அப்படியே காட்டினான். அதற்குத் தருவதாக இருந்த பணத்தை நிறுவனத்தார் நிறுத்திவிட்டனர். அந்த மாதம் வருமானம் பாதியாயிற்று என்று அவன் தாய் என்னிடம் குறைபட்டுக்கொண்டாள். குறைபட அவளுக்கு உரிமையுண்டு. வீட்டு வாடகை கொடுப்பவள் அவள். நேர்மைக்கு உடனே இலாபம் வந்துவிடும் என்று அவளிடம் பொய்யுறுதி கூற எனக்கு மனமில்லை. வரும் பணம் யாருடைய நம்பிக்கையை விற்றும் வந்ததில்லை என்பதை மட்டும் சொன்னேன். அவள் மறுமொழி கூறவில்லை. மகனுக்குச் சோறு பரிமாற எழுந்து போனாள்.

வாசகர்களுள் எத்தனையோ பேர் வீட்டில் இன்று ஒரு தரகர் வளர்ந்துகொண்டிருக்கக் கூடும். அவரைத் தடுக்க வேண்டியதில்லை. துண்டுக்குள் விலையை வைத்துக்கொள்ளட்டும். தம்மை மறைத்துக்கொள்ளாதிருக்கக் கற்றுக்கொடுத்தால் போதும்.